காலாப்பட்டா, சிதம்பரமா, எம்.பி.ஏ.வா: நிறுவன உளவியலுக்கு எந்த வழி?

கடலூர், புதுச்சேரி பக்கம் பி.எஸ்சி. சைக்காலஜி முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிளினிக்கல் பக்கம்தான் போக நினைக்கிறார்கள். ஜிப்மர் கண்ணெதிரே இருக்கிறது, கவுன்சலிங் என்றால் வீட்டிலும் ஓரளவு புரிகிறது. மீதிச் சிலருக்கு வேறு ஆசை: மனிதர்கள் வேலை செய்கிற இடத்தில் என்ன ஆகிறார்கள் என்று படிக்க வேண்டும், ஆர்கனைசேஷனல் சைக்காலஜிஸ்ட், அதாவது நிறுவன உளவியலாளர் ஆக வேண்டும். அவர்களுக்கு வழி சொல்ல ஆள் குறைவு. நான் இந்த வேலையின் ஓரத்திலேயே பல வருஷமாக இருப்பவள். என் அண்ணன் மகள் இந்த வருஷம் கடைசி செமஸ்டர். "அத்தை, எம்.எஸ்சி. போடட்டுமா, எம்.பி.ஏ. போடட்டுமா?" என்று அவள் கேட்டதற்கு உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு வேண்டும், அதற்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிறுவன உளவியலுக்கு அப்படி ஒரு பதிவேடும் இல்லை, உரிமமும் இல்லை. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கிளினிக்கல் பக்கம் போகிறவர்களைப் போலச் சீட்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை என்பது நல்லது. இன்ன பட்டம் வாங்கினால் இன்ன வேலை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பது கெட்டது. அதனால் கல்லூரிப் பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவது நல்லது.

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் போனால் சிப்காட் ஆலைகள் வரிசையாக வரும். அப்படி ஒரு ரசாயன ஆலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஷிஃப்ட் அறையில் 'நியர் மிஸ்' நோட்டு ஒன்று கிடக்கும். விபத்தாகாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதுவதற்கான நோட்டு அது. பகல் ஷிஃப்டில் ஏதோ எழுதுகிறார்கள். இரவு ஷிஃப்டில் மாதக்கணக்கில் ஒரு வரிகூட இல்லை. ராத்திரியில் தப்பே நடக்கவில்லை என்று யாராவது நம்புவார்களா? பர்சனல் டிபார்ட்மென்ட் ஒரு சர்க்குலர் விடும்: எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டும். அடுத்த மாதம் எல்லா ஷிஃப்டிலும் "தரையில் ஆயில் சிந்தியிருந்தது" என்று அச்சடித்த மாதிரி நாலு வரி வந்திருக்கும். அதோடு கோப்பு மூடப்படும்.

உளவியல் படித்தவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. போன தடவை எழுதினவருக்கு என்ன ஆச்சு? சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டினாரா? காண்ட்ராக்ட் தொழிலாளி என்றால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களா? இதையெல்லாம் பயமில்லாமல் சொல்லும்படியான கேள்விகளாக மாற்ற வேண்டும். பெயர் வெளியே தெரியாமல் பதில் வாங்க வேண்டும். ஷிஃப்ட் வாரியாக ஒப்பிட்டு, தெரிகிற வித்தியாசம் தற்செயலா, உண்மையா என்று கணக்குப் போட வேண்டும். கடைசியில் கசப்பான முடிவை மேனேஜ்மென்ட்டின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

இதற்கு இரண்டு தகுதி வேண்டும். ஒன்று, அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, ஆலைக்குள் நுழைந்து கேள்வி கேட்கிற பதவி கையில் இருக்க வேண்டும். உளவியல் எம்.எஸ்சி. முதலாவதைத் தருகிறது, எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) போன்றவை இரண்டாவதைத் தருகின்றன. இரண்டையும் சேர்த்துத் தரும் படிப்பு நம் பக்கத்தில் இல்லை. எதை முதலில் வாங்குவது, மற்றதை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டியது.

எம்.எஸ்சி. என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது காலாப்பட்டு. அங்கே இருக்கிற, 1985-இல் தொடங்கிய புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சேர சி.யு.இ.டி. பி.ஜி. என்ற பொது முதுகலை நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று போகும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் இதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கலைச்சொற்களைப் பழக வேண்டும். போட்டி நாடு முழுவதிலிருந்தும் வரும். சீட் கிடைத்துவிட்டால் அதே காரணமே லாபமாகிவிடுகிறது: கேரளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்களோடு இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் இருந்து விவாதிக்கிற பழக்கம் வரும். பின்னாளில் பெங்களூரிலோ குருகிராமிலோ வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மேலாண்மையும் சமூகப்பணியும் அதே வளாகத்தில் இருப்பதால், அந்தத் துறைகளின் கருத்தரங்குகளுக்கும் நூலகத்துக்கும் நடந்தே போகலாம். நம் தேவைக்கு இது மிகவும் பொருந்துகிறது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-லிருந்து இருக்கிறது. நம் மாவட்டத்துக்குள்ளேயே உளவியல் முதுகலை. நுழைவுக்கு சி.யு.இ.டி. எழுத வேண்டியதில்லை, கடலூரிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ தினம் போய் வரலாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிற பெண்ணுக்கு "சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவா" என்கிற ஒரு வாக்கியம்தான் மேற்படிப்பையே சாத்தியமாக்குகிறது. அதை யாரும் குறைவாக எடைபோடக் கூடாது. ஆனால் பொது உளவியல் படிப்பில் நிறுவன உளவியல் ஒன்றிரண்டு தாளோடு முடிந்துவிடும். மீதியை மாணவரே தேடிப் படிக்க வேண்டும்.

இரண்டில் எது என்று கேட்டால் காலாப்பட்டு என்றுதான் சொல்வேன். ஆனால் காலாப்பட்டுக்காக ஒரு வருஷம் சும்மா இருந்து மறுபடி தேர்வெழுதச் சொல்ல மாட்டேன். காரணம், இந்தத் துறையில் எம்.எஸ்சி.யின் மதிப்பு பெரும்பாலும் கடைசி செமஸ்டர் ஆய்வேட்டில்தான் இருக்கிறது. சீனியர்கள் செய்த ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "கல்லூரி மாணவர்களிடையே" என்று ஆரம்பித்து, வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி இருநூறு பதில் வாங்கி முடித்தவை நிறைய இருக்கும். அப்படி ஒன்றைச் செய்தால் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் வேலைக்கு உதவாது. சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ சிப்காட்டிலோ ஒரு நிறுவனத்தில் அனுமதி வாங்கி, ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆட்களிடம் தமிழில் கேள்வித்தாள் கொடுத்து, எழுதப் படிக்க முடியாதவருக்கு வாசித்துக்காட்டிப் பதில் வாங்கியவருக்குக் கிடைக்கும் பயிற்சியே வேறு. அனுமதி வாங்குவதற்கே இரண்டு மாதம் ஆகலாம். அந்த இரண்டு மாத அலைச்சலும் படிப்பில் சேர்த்திதான்.

புள்ளியியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைக்காலஜியில் கணக்கு இருக்காது என்று நம்பிச் சேர்கிறவர்கள் உண்டு. இந்தத் துறைக்கு உயிரே கணக்குதான். ஒரு சின்ன உதாரணம். ஆள் எடுக்கும்போது எந்த முறை நல்ல ஊழியரைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது என்பது நூறு வருஷக் கேள்வி. பொது அறிவுத்திறன் தேர்வுதான் முதன்மையானது என்று 1998-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) வைத்துப் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2022-இல் சாக்கெட்டும் அவர் சகாக்களும் அந்தக் கணக்கில் செய்த ஒரு திருத்தம் அளவுக்கு மீறியது என்று காட்டினார்கள். மறுபடி கணக்குப் போட்டதில், எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறை என்று கட்டுப்பாட்டோடு நடத்தும் நேர்காணல் 0.42 என்ற தொடர்புக்கெழுவோடு (1 என்றால் முழுப் பொருத்தம்) முதலிடத்துக்கு வந்தது. இந்த விவாதத்தைப் படித்து யார் சொல்வதில் நியாயம் என்று சொந்தமாக முடிவெடுக்க முடிந்தால் நீங்கள் உளவியலாளர். முடியாவிட்டால், யாரோ விற்கிற ஆளுமைத் தேர்வை வாங்கி நிறுவனத்தில் நடத்துகிற ஆளாகத்தான் இருப்பீர்கள். நேர்காணல் என்ற பெயரில் "உங்க பலம் பலவீனம் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையை முடிவு செய்கிறோம் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

இப்படி அளக்கிற வேலை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்நியமானதுமில்லை. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், உதவி லோகோ பைலட் வேலைக்குப் போனவர்களைக் கேளுங்கள். எழுத்துத் தேர்வு முடிந்த பின் கணினியில் உளத்திறன் தேர்வு ஒன்று வரும். ஒவ்வொரு பகுதியிலும் டி-ஸ்கோர் (மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண்) 42 எடுத்தே ஆக வேண்டும். அந்த வேலையின் பின்னால் லக்னோவில் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் உளவியல் பிரிவு இருக்கிறது. ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் பின்னால் டெல்லியில் டி.ஆர்.டி.ஓ.வின் உளவியல் ஆய்வு நிறுவனம். தனியாரில் எஸ்.எச்.எல்., மெர்சர் மெட்டில் போன்ற தேர்வு வடிவமைப்பு நிறுவனங்கள். எம்.எஸ்சி. முடித்து நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் பெற்றவர்கள் எட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. ஒன்றுகூட கடலூரில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊரிலேயே வேலை வேண்டும் என்கிறவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியிருக்கிறது. அதாவது இந்தப் பதவிக்கான தேவை கூடப்போகிறது. ஆனால் தமிழ்நாட்டில் இதற்குக் கேட்பது சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மை போன்ற அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களையும் பட்டயங்களையும்தான். எம்.எஸ்சி. சைக்காலஜியில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தாலும் அதை மட்டும் வைத்து இந்த நாற்காலியில் உட்கார முடியாது. நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் மனிதவளப் பதவி விளம்பரங்களையும் எடுத்துப் பாருங்கள். எம்.பி.ஏ. மனிதவளம், எம்.எஸ்.டபிள்யூ., தொழிலாளர் நலம் என்றுதான் தகுதி வரிசை போகும். உளவியல் பெரும்பாலும் இருக்காது. நெட் தேர்விலேயே உளவியலும், தொழிலாளர் நலம் மற்றும் மனிதவளமும் தனித்தனிப் பாடங்கள்.

எனவே இரண்டே வருஷத்தில் சம்பளம் வீட்டுக்கு வந்தாக வேண்டும், கடலூரையோ புதுவையையோ விட்டுப் போக முடியாது என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளப் பிரிவு, அல்லது தொழிலாளர் மேலாண்மை எம்.ஏ. எடுங்கள். சென்னையில் அரசு நடத்தும் தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. காலாப்பட்டிலேயே எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ.வில் வாரத்தில் சில நாள் களப்பணிக்குக் கட்டாயம் அனுப்புவார்கள் என்பது எம்.எஸ்சி. மாணவர்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்), ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. ஆகியவை இந்த வழியின் உச்சங்கள். அங்கே இடம் கிடைக்கிற அளவுக்குத் தயாரிப்பு இருந்தால் யோசிக்காமல் போகலாம், செலவு மட்டும் பெரிது. பக்கத்து ஊரில், பெயர் தெரியாத கல்லூரியில், நன்கொடை கொடுத்து எம்.பி.ஏ. சேர்வதை மட்டும் நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். அங்கே அளக்கவும் சொல்லித்தர மாட்டார்கள், தொழிலாளர் சட்டமும் உருப்படியாக வராது.

சட்டத்தை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் இந்த மண். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் இங்கே சட்டமானது. நம் பாடப்புத்தகங்களோ வேலை நேரமும் களைப்பும் பற்றிய ஆராய்ச்சியை சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலையிலிருந்து தொடங்குகின்றன. அந்த ஆய்வுகள் 1924 முதல் 1932 வரை நடந்தவை; ஏறக்குறைய அதே காலம். அங்கே இடைவேளை கொடுத்தால் உற்பத்தி எவ்வளவு கூடுகிறது என்று எண்ணினார்கள். இங்கே ஓய்வு நேரத்தையே உயிரைக் கொடுத்து வாங்கினார்கள். புதுவையில் படிக்கிற நிறுவன உளவியல் மாணவருக்கு இரண்டு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகம் சம்பளம் கொடுத்து அளக்கச் சொல்கிற எதையும், யாருக்காக அளக்கிறோம் என்று கேட்காமல் அளந்துவிடக் கூடாது.

தொலைதூரக் கல்வி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வேலையில் இருந்துகொண்டே இக்னோவில் நிறுவன உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.ஏ. முடித்தவர்கள் உண்டு. அண்ணாமலை வழியாகப் படித்தவர்கள் நம் பக்கத்தில் வீதிக்கு ஒருவர் இருப்பார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. 2021-ஆம் ஆண்டுத் துணைமருத்துவத் தொழில்கள் சட்டத்தைக் காட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இனி யாராவது ஆன்லைன் எம்.எஸ்சி. சைக்காலஜி என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் யு.ஜி.சி. அனுமதியைப் பாருங்கள். இன்ஜினியரிங் முடித்து ஆலையில் இருந்துகொண்டே இந்தப் பக்கம் வர நினைத்தவர்களுக்குத்தான் இது பெரிய இழப்பு. அவர்களுக்கு இப்போதைக்கு எம்.எஸ்.டபிள்யூ.வோ எம்.பி.ஏ.வோதான் நேரான வழி.

வெளிநாடு? பிரிட்டனில் இந்தத் துறைக்கு நல்ல மரபு இருக்கிறது. ஒரே வருஷத்தில் எம்.எஸ்சி. முடிந்துவிடும். ஆனால் முடித்ததும் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. 'ஆக்குபேஷனல் சைக்காலஜிஸ்ட்' என்பது அங்கே சட்டப் பாதுகாப்புள்ள பெயர். உங்கள் பி.எஸ்சி.யை பிரிட்டிஷ் உளவியல் சங்கம் ஏற்க வேண்டும், எம்.எஸ்சி. சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், அதன் பிறகு இரண்டாம் கட்டமாக மேற்பார்வையில் சில வருஷம் வேலை செய்து தேற வேண்டும். கல்விக் கட்டணம் 20,000 பவுண்டைத் தாண்டும் இடங்கள் நிறைய. தங்கும் செலவுக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு கணக்கில் காட்ட வேண்டும். படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் விசாவும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. இரண்டாம் கட்டம் அதற்குள் முடியாது. ஆஸ்திரேலியாவில் இன்னும் நீளம்: நான்கு வருஷ அங்கீகரிக்கப்பட்ட உளவியல் படிப்பு, பிறகு இரண்டு வருஷ முதுகலை, அதன் மேல் மேற்பார்வைக் காலம். நம் மூன்று வருஷ பி.எஸ்சி.யோடு போனால் நான்காவது வருஷத்துக்கே முதலில் வழி தேட வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து இருபத்தொரு வயதில் இதற்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே எம்.எஸ்சி. முடித்து, இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்து, எந்த ஊர்ப் பயிற்சி தேவை என்று தெரிந்த பிறகு உதவித்தொகையோடு போகிறவர்களுக்கு அதே படிப்பு நிறையத் தரும்.

அண்ணன் மகளுக்கு என்ன சொன்னேன் என்றால்: அவளுக்குக் கணக்கு பிடிக்கும், வீட்டிலும் இப்போதைக்குப் பண நெருக்கடி இல்லை. எம்.எஸ்சி.தான். சி.யு.இ.டி. எழுதட்டும்; காலாப்பட்டு கிடைக்காவிட்டால் அதே ஜூனில் சிதம்பரத்தில் சேரட்டும். ஆய்வேடு ஆலையில்தான். எம்.எஸ்சி. முடிந்து வேலைக்குப் போன பிறகு தொழிலாளர் சட்டத்தில் ஒரு பட்டயம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நல அலுவலர் பதவிக்கு அந்தப் பட்டயம் செல்லுமா என்று சேருவதற்கு முன்பே தொழிலாளர் துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதே கேள்வியை அவள் தோழி கேட்டபோது நான் எம்.எஸ்.டபிள்யூ. என்றேன். அந்த வீட்டில் தம்பி இன்னும் பள்ளியில் படிக்கிறான், அப்பாவுக்கு வேலை நிரந்தரமில்லை. அவளிடம் கூடுதலாகச் சொன்னது ஒன்றுதான்: 'ஆர்' (R) என்கிற, காசு செலவில்லாத புள்ளியியல் மென்பொருளை இறக்கிக்கொண்டு வாரம் ஒரு நாள் புள்ளியியல் பழகு, எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் அது போதுமான அளவு வராது.

சி.யு.இ.டி. பி.ஜி. விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் திறக்கும், தேர்வு மார்ச்சில். சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வடிவத்தில் இருக்க வேண்டும், ஓ.பி.சி. என்றால் கிரீமி லேயர் இல்லை என்ற சான்றும் அந்தந்த நிதியாண்டுக்கு உரியதாக வேண்டும். தாலுகா ஆபீஸில் அதை வாங்க நாள் பிடிக்கும் என்பதால் தீபாவளி முடிந்த கையோடு அந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.